உறை வாங்கப் போன டிராக்டர்

கல்பனா வேலை பார்க்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், மின்சாரப் பலகைக்குப் பக்கத்தில் தெலுங்குப் பஞ்சாங்கக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. முகூர்த்த நாள்களை அவர் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருப்பார். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். கல்பனாவுக்கு இரண்டும் பையன்கள். இருவரும் இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வட்டங்கள் சாக்கடைக்காகப் போட்டவை. திருப்பதியின் தென்கோடியில் இருக்கும் லாட்ஜுகள், கல்யாண மண்டபங்கள், குடியிருப்புகள் ஆகியவற்றின் கழிவுநீரெல்லாம் இந்த நிலையத்துக்குத்தான் வருகிறது. முகூர்த்த நாளில் பகல் பந்தி முடிந்து அண்டாக்களைக் கழுவ ஆரம்பித்தார்கள் என்றால், சற்று நேரத்தில் கஞ்சியும் நெய்யும் சாம்பாரும் மோரும் கலந்த கொழுத்த தண்ணீர் உள்ளே வந்து விழும். தொட்டியில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அதைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்க வேண்டும். அதிகம் தின்ன அவற்றுக்கு அதிகம் காற்று வேண்டும். ஆகவே மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரத்திலேயே கல்பனா இங்கே காற்று ஊதும் இரண்டாவது புளோயரை ஓட விடுவார். கல்யாணமே நடக்காத ஆஷாட மாதத்தில் தொட்டிக்கு அரைப்பட்டினி. அப்போது காற்றைக் குறைத்து, தேவைப்பட்டால் வெல்லம் கரைத்து ஊற்றுவார்.

அவருடைய கணவர் தேவேந்திரன் யாத்திரிகர்களுக்கு வேன் ஓட்டுகிறவர். "கல்யாணத்துக்கு எல்லாரும் மொய் வெக்கறாங்க. எங்க வூட்ல மட்டும் காத்து வெக்கறோம்" என்பார்.

சத்தியவேட்டை அடுத்த ஒரு சிற்றூர் கல்பனாவுக்குப் பிறந்த ஊர். அப்பாவை அவர் நைனா என்பார்; நைனா வெகுகாலம் பிறர் கழனியில் உழைத்தவர். நடுவயதுக்கு மேல்தான் கொஞ்சம் சொந்த நிலம் வந்தது, அதில் வேர்க்கடலை போட்டார். கல்பனா பன்னிரண்டாம் வகுப்பான இன்டர் முடித்ததும் கம்பெனி பஸ் ஏறினார். தொழிற்சாலையில் தரை துடைக்கிற வேலை. அங்கே கழிவுநீர்ப் பிரிவுக்கு ஆள் கேட்டபோது யாரும் கை தூக்கவில்லை, நாற்றம் என்றார்கள். கல்பனா தூக்கினார். துடைப்பத்தோடு போனவர், ஒவ்வொரு வால்வும் எதற்கு என்று கேட்டுக்கேட்டு, கையால் திருகிப் பார்த்து, தப்பு செய்து, திட்டு வாங்கித் தொழிலைக் கற்றுக்கொண்டார். நல்ல தொட்டியிலிருந்து மழை விழுந்த மண்ணின் வாசனை வரும்; கெட்டுப் போகிற தொட்டியில் முதலில் மாறுவது அந்த வாசனைதான். இது அவருக்கு மூக்கு சொல்லித் தந்த பாடம். கல்யாணத்துக்குப் பிறகு திருப்பதிக்கு வந்து, இந்த நிலையத்தில் சேர்ந்து, இப்போது ஷிப்ட்டுக்குப் பொறுப்பாளர்.

நிலையத்தின் வேலையைச் சொல்வது எளிது. வருகிற தண்ணீர் முதலில் கம்பி வலையைத் தாண்டும்; துணி, முடி, பிளாஸ்டிக் எல்லாம் அங்கே நின்றுவிடும். பிறகு காற்றுத் தொட்டி. அங்கே புளோயர் அடியிலிருந்து காற்றை ஊத, பழுப்பு நிறச் சேற்றில் வாழும் கோடிக்கணக்கான உயிர்கள் அழுக்கைத் தின்னும். அடுத்த தொட்டியில் சேறு அடியில் தங்க, மேலே தெளிந்த தண்ணீர் வழியும். அதை மணலில் வடித்து, அளவாகக் குளோரின் சேர்த்துச் சேமிப்பார்கள். படிந்த சேற்றில் பெரும்பங்கு மறுபடி காற்றுத் தொட்டிக்கே திரும்பும். அதுதான் வித்து. அது உயிரோடு இருக்கும்வரை நிலையம் உயிரோடு இருக்கும்.

அப்படித் தெளிந்த தண்ணீரைப் பல காலம் ஓடையில்தான் விட்டுக்கொண்டிருந்தார்கள். புத்தூர் சாலைப் பக்கம் ஈச்சங்குண்டா என்ற பூக்காரக் கிராமம் இருக்கிறது. தமிழ் பேசும் விவசாயக் குடும்பங்கள், தலைமுறைகளாக அங்கேயே இருப்பவர்கள். போர்க் கிணறுகள் வற்றியதால் சாமந்தியைக் கைவிட்டுக் கூலிக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். ஓடையில் வீணாகும் தண்ணீரை அவர்களுக்குக் குழாயில் கொடுக்கலாம் என்று பொறியாளர்கள் திட்டம் போட்டார்கள். கிராமம் மறுத்துவிட்டது. மார்க்கெட்டுக்குப் போகிற பூ எந்தச் சாமியின் கழுத்தில் விழும் என்று யாருக்குத் தெரியும்? சாக்கடைத் தண்ணீரில் விளைந்தது என்று பேர் வந்தால் ஒரு முழம்கூட விற்காது.

கல்பனா விவாதம் செய்யப் போகவில்லை. நிலையத்தின் சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு பாத்தி கட்டி, சாமந்தி நாற்று நட்டு, அந்தத் தண்ணீரையே பாய்ச்சினார். பூத்ததும் தலைநிறைய வைத்துக்கொண்டு ஈச்சங்குண்டாவுக்குப் பஸ் ஏறினார். அங்கே பூக்காரப் பெண்களுக்கெல்லாம் வாய் செங்கம்மா. அறுபதை நெருங்கும் வயது, வாயைப் போலவே கையும் வேகம்.

"பூ எங்க வாங்கினம்மே? காம்பு கெட்டியா கீது" என்று செங்கம்மாவே கேட்டார்.

"வாங்கல அக்கா. எங்க தண்ணில வெளஞ்சது."

செங்கம்மா ஒரு பூவைப் பிடுங்கி முகர்ந்தார். இதழைக் கிள்ளினார். பிறகு கல்பனாவை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எந்த ஊரு? யாரு வூட்டுப் பொண்ணு?"

கேள்விக்குள் என்ன கேள்வி இருக்கிறது என்று கல்பனாவுக்குத் தெரியும். "சத்தியவேடு பக்கம். எங்க நைனா மத்தவங்க கழனில கூலிக்குப் போனவரு. இப்ப சொந்தமா வெச்சிக்கினு கீறாரு. எந்தத் தெருன்னு சொல்லணுமா?"

"தெரு எதுக்கு? தண்ணி வர பைப்பு எந்தப் பக்கம்னு சொல்லு" என்றார் செங்கம்மா.

அப்படித்தான் ஈச்சங்குண்டா ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரு பருவத்துக்கு மட்டும். கார்த்திகை வரைக்கும் பார்ப்போம், ஒரு நாள் நாறினாலும் குழாயைப் பிடுங்கி ரோட்டில் போட்டுவிடுவோம் என்று செங்கம்மா எல்லார் முன்னாலும் சொன்னார். நிலையத்தின் பொறியாளர் ஹரிதா அதைக் கேட்டுக்கொண்டு, பருவ முடிவில் கிராமம் வேண்டாம் என்றால் திட்டத்தை மூடிவிட்டுத் தண்ணீரை ஓடைக்கே திருப்புவது என்று மேலே எழுதி அனுப்பினார். கல்பனாவுக்கு அந்தக் குழாய் நிலைக்க வேண்டும். பல வருஷமாகத் தெளிய வைத்துத் தெளிய வைத்து ஓடையில் கொட்டிய தண்ணீர் முதல்முறையாக ஒரு செடியின் வேருக்குப் போகிறது. அது நிற்கக் கூடாது.

ஆடியில் தண்ணீர் திறந்தார்கள். சாமந்தி பிடித்துக்கொண்டது. தசரா வந்தபோது வயல் முழுக்க மொட்டு.

ஆயுத பூஜைக்குக் கல்பனா பிறந்த ஊருக்குப் போயிருந்தார். நைனா வாங்கிய பழைய பவர் டில்லருக்குப் பூஜை. புறப்படும் முன் மெக்கானிக் சாய்குமாரிடம், "பிளாண்ட்ட நல்லா கழுவி வெச்சி பூஜ போடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். சாய்குமார் முப்பது வயதுக்காரர், வேலையில் சுணங்காதவர், பக்தியும் அதிகம்.

மறுநாள் காலை கல்பனா வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். கேட்டில் வாழைக்கன்று, மாவிலை. புளோயர், மோட்டார், மின்பலகை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். உடைத்த பூசணி ஓரமாகக் கிடந்தது. அதெல்லாம் ஒவ்வொரு வருஷமும் உள்ளதுதான். மழை மண் வாசனை மட்டும் இல்லை. அந்த இடத்தில் பிளீச்சிங் பவுடரின் காரம் மூக்கில் ஏறியது.

"எப்டி கீது அக்கா?" சாய்குமார் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "தொட்டி செவுரப் பாருங்க. அஞ்சாறு வருஷத்துப் பாசி. பிரஷ் போட்டுத் தேச்சி தேச்சி கை போயிடுச்சி."

காற்றுத் தொட்டியின் உட்சுவர்கள் புதுச் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தன. குளோரின் போடுவதற்காக வைத்திருந்த பவுடர் மூட்டைகளைக் கரைத்துச் சுவரெல்லாம் ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். தேய்த்த தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள்ளேயே இறங்கியிருக்கிறது.

"செவுரக் கழுவினது சரி, சாய். தண்ணி எங்க போச்சு?"

"எங்க போவும், உள்ளதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். எந்த மருந்து எதற்கு என்று அவருக்கும் தெரியும். பூஜை என்றதும் அது நினைவில் நிற்கவில்லை. பாத்திரம் கழுவுகிற கை தொட்டியையும் கழுவிவிட்டது.

கல்பனா கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு மேஜைமேல் வைத்தார். நல்ல நாளில் பழுப்புச் சேறு திரண்டு மெத்தை போல இறங்கும், மேலே கண்ணாடி மாதிரி தண்ணீர் நிற்கும். அன்று எதுவும் திரளவில்லை. அரிசி களைந்த தண்ணீர் போல ஜாடி முழுக்கக் கலங்கலாகவே நின்றது. விடுமுறையை விட்டுவிட்டு வந்த ஹரிதா ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"ஏமி லேது, கல்பனாகாரு. ஒண்ணுகூட அசையல."

முதல் வேலையாகக் கல்பனா ஈச்சங்குண்டா வால்வை மூடினார். உள்ளே வருகிற சாக்கடையை யாராலும் நிறுத்த முடியாது. ஆகவே சரியாகத் தெளியாத தண்ணீரைப் பின்னால் இருந்த பெரிய குட்டைக்குத் திருப்பினார். குட்டை கொஞ்ச நாளுக்குத் தாங்கும். பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே எடுத்து மறுபடி சுத்தம் செய்யலாம்.

"ஊருக்கு மோட்டார் ரிப்பேர்னு சொல்லிடலாம் அக்கா" என்றார் சாய்குமார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"வேலிப் பக்கம் வந்து நின்னாலே நம்ம மோட்டார் சத்தம் அவங்களுக்குக் கேட்டுடும். செங்கம்மாக்காவுக்குக் கண்ணும் நல்லா தெரியும், காதும் நல்லா கேக்கும்."

"அப்ப என்னைச் சொல்லுங்க. நான்தானே பண்ணேன்."

"கழுவுன்னு சொன்னது நானு. எதால கழுவக் கூடாதுன்னு சொல்லாதவளும் நானு. நீ புளோயரை ரெண்டையும் போடு. காரம் மொத்தமும் பறந்து போவணும். செத்ததை எடுத்து வெளிய தள்ளு. நான் போயி சொல்லிட்டு வரேன்."

ஈச்சங்குண்டாவில் அன்று விஜயதசமி. கிருஷ்ணப்பா வீட்டு முன்னால் டிராக்டர் மாலையோடு நின்றது. அவர் செங்கம்மாவின் கொழுந்தன். வாய்க்காலில் தண்ணீர் நின்று போனதைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே பத்துப் பேர் கூடியிருந்தார்கள். கல்பனா சுற்றி வளைக்கவில்லை.

"தண்ணிய நான்தான் நிறுத்தினேன். தொட்டியில கீற பூச்சிங்க செத்துப்போச்சு. ஒரு வாரம் ஆவும், கூடவும் ஆவலாம்."

"இன்னா செத்துப்போச்சு?" என்றார் செங்கம்மா.

"பூச்சிங்க. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அதுங்கதான் அழுக்கைத் துன்னுது."

"நாங்க பூச்சி சாவணும்னு மருந்து வாங்கி அடிக்கறோம். நீ செத்துப்போச்சின்னு அழுவற."

இரண்டு பேர் சிரித்தார்கள். கிருஷ்ணப்பா சிரிக்கவில்லை. "சாக்கடை புத்தியக் காட்டிடுச்சி. மொட்டு வெச்ச நேரத்துல கால வாரிடுச்சி. இதுக்குத்தான் நான் அன்னைக்கே வேணாம்னேன்."

"நீ எப்ப வேணும்னு சொல்லியிருக்க?" என்று செங்கம்மா அவரை வெட்டிவிட்டுக் கல்பனா பக்கம் திரும்பினார். சிரிப்பு போயிருந்தது. "ஏம்மே, உன் தலையில கீற பூவப் பாத்துதான் நான் ஊரை இழுத்துக்கினு வந்தேன். இன்னா ஆச்சின்னு ஒழுங்கா சொல்லு."

"பூஜைக்குத் தொட்டியக் கழுவினோம். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிட்டோம்."

"கழுவறது நல்லதுதானே?"

கல்பனா கொஞ்சம் யோசித்தார். "அக்கா, உங்க வூட்ல உறை மோர் வெச்சிருக்கீங்க. அதும்மேல கொதிக்கக் கொதிக்கப் பால ஊத்தினா இன்னா ஆவும்?"

"தயிரு ஆவாது. மோரும் போச்சு, பாலும் போச்சு."

"அதான் ஆயிப்போச்சு."

இதை அங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாளாவது நடந்ததுதான்.

"இன்னைக்கே வால்வைத் தொறந்து விட்டிருக்கலாம்" என்றார் கல்பனா. "கலங்கலா வந்திருக்கும், ரெண்டு நாள்ல நாறியிருக்கும். செடிக்கு ஒண்ணும் ஆயிருக்காது. ஆனா உங்க கையில அந்த நாத்தம் பட்டிருக்கும்."

செங்கம்மா வயல் பக்கம் பார்த்தார். "அப்ப பக்கத்து வூட்ல உறை வாங்க வேண்டியதுதானே."

"அதுக்குத்தான் அலையறேன். வடக்கால பெரிய பிளாண்ட்ல சலீம்னு ஒருத்தரு கீறாரு. போன்ல கேட்டேன். 'உங்க வூட்லதான் வெள்ளிக்கெழம உறை குடுக்க மாட்டாங்க, எங்க வூட்ல எல்லா நாளும் குடுப்போம், வந்து எடுத்துக்கினு போ'ன்னாரு. கொண்டாறதுக்கு வண்டிதான் கெடைக்கல. எல்லா டேங்கர்காரரையும் கேட்டாச்சி. நேத்துதான் வண்டிக்கு பூஜ போட்டோம், மொத நடையே சாக்கடை சேறா, ஒரு வாரம் கழிச்சி வான்றாங்க."

ஒரு வாரம் வண்டிக்குக் காத்திருந்தால் வயல் தாங்காது. அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். ஊர்க் கிணற்றில் அடித்தண்ணீர் கொஞ்சம் இருந்தது, வயல் முழுக்க அது போதாது.

செங்கம்மாவின் பார்வை கிருஷ்ணப்பாவின் டிராக்டர் மீது போய் நின்றது. பின்னால் ஒரு டேங்கர். சாணமும் கோமியமும் வெல்லமும் பயறுமாவும் கரைத்துப் புளிக்க வைத்து வயலுக்கு எடுத்துப் போகிற டேங்கர் அது.

"அண்ணி, பாக்காத" என்றார் கிருஷ்ணப்பா. "நேத்துதான் பூஜ போட்டேன். வெச்ச பொட்டு இன்னும் காயல."

"பொட்டு முன்னால கீது. டேங்கர் பின்னால கீது."

"சாணி வேற, இது வேற."

"இன்னா வேற? ரெண்டும் துன்னு போட்டதுதானே. சாணித்தண்ணி செமக்கற வண்டிக்கு இன்னா மடியும் ஆசாரமும்? உன் மொட்டு காஞ்சி கீழ உழுந்தா அந்தப் பொட்டா வந்து எடுத்து ஒட்டும்?"

கிருஷ்ணப்பா மாலையைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். பொட்டை அழிக்கவில்லை. "நான் ஓட்டறேன். தொட மாட்டேன்" என்று கல்பனாவிடம் நிபந்தனை போட்டார்.

"ஹோஸ் போடறது, வாங்கறது, எறக்கறது எல்லாம் நாங்க பாத்துக்கறோம் அண்ணா. நீங்க ஸ்டீரிங்க மட்டும் புடிங்க."

அன்று பிற்பகலே டிராக்டர் நகரத்தைச் சுற்றி வடக்கே போனது. மட்கார்டில் கல்பனா. தசரா கூட்டத்தில் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றபோது கிருஷ்ணப்பா நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சலீம் தயாராக இருந்தார். படிந்து கெட்டிப்பட்ட, உயிருள்ள சேற்றைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார். டேங்கர் நிரம்பியதும் அவர் ஒரு கை மொண்டு முகர்ந்து கல்பனாவிடம் நீட்டினார். "நம்ம சரக்கு எப்டி?"

மழை விழுந்த மண். கல்பனா தலையாட்டினார்.

திரும்பும்போது கிருஷ்ணப்பா ஒருமுறை டேங்கர் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். நகரம் தாண்டியதும், "நாறல" என்றார்.

"நாறாது அண்ணா. நாறினா செத்துப்போச்சின்னு அர்த்தம்."

"எங்க டேங்கர் இதைவிட நாறும்" என்றார். அதன் பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் நடை ஓட்டினார். கடைசி நடைக்குள் ஹோஸை அவரே தூக்கி மாட்டிக்கொண்டிருந்தார்.

நிலையத்தில் சாய்குமார் வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். புதுச் சேற்றை ஒரேயடியாகக் கொட்டாமல், காரம் போய்விட்டதைச் சோதித்த பிறகு பகுதி பகுதியாக இறக்கினார்கள். முதலில் வருகிற சாக்கடையில் கொஞ்சத்தை மட்டும் உள்ளே விட்டு மீதியைக் குட்டைக்குத் திருப்பினார்கள். காய்ச்சலில் இருந்து எழுந்தவருக்கு முதலில் கஞ்சிதான் கொடுப்போம், விருந்து வைக்க மாட்டோம். தொட்டிக்கும் அதே முறை. காற்று, தீனி, திரும்பும் சேறு இம்மூன்றையும் கல்பனா பொழுதுக்குப் பொழுது ஜாடியைப் பார்த்துத் திருத்தினார். ஜாடியில் முதலில் துகள் துகளாகத் தெரிந்தது. பிறகு துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டின. பிறகு மெத்தை இறங்கத் தொடங்கியது.

ஈச்சங்குண்டாவில் செங்கம்மா ஊர்க் கிணற்றை முறை வைத்துப் பகிர்ந்தார். தன் வயலின் மேட்டுப் பக்கத்தைத் தண்ணீர் காட்டாமல் விட்டார். அங்கே மொட்டுகள் சுருங்கிக் கறுத்தன. பள்ளத்தில் இருந்த செடிகள் தலை தொங்கி நின்றன.

அப்படி நிற்கும்போது ஒருநாள் அவரே நிலையத்துக்கு வந்தார். இதுவரை வேலிக்கு வெளியே நின்றுதான் பேசியிருக்கிறார். உள்ளே வந்து, முந்தானையால் மூக்கைப் பொத்தி, சற்று நேரத்தில் கையை எடுத்தார்.

"எங்க உன் உறை?"

கல்பனா ஜாடியைக் காட்டினார். மேலே நின்ற தண்ணீர் தெளிவாக இருந்தது. ஹரிதா செங்கம்மாவை மைக்ராஸ்கோப் முன் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொன்னார். செங்கம்மா இரண்டையும் மூடிக்கொண்டார். பிறகு பழகியது.

"இது இன்னாடி இது. காம்பு வெச்ச மொட்டு மாதிரி ஆடிக்கினு கீது. வாயைத் தொறந்து தொறந்து மூடுது."

"துன்னுதுங்க" என்றார் கல்பனா.

"இவ்ளோ சின்ன வாயா?" அவர் எழுந்திருக்கவே மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். "தண்ணி தெளிஞ்சி போச்சி. வாயும் துன்னுது. தொற வால்வை."

"இன்னைக்கு வேணாம் அக்கா. குட்டைத் தண்ணி கொஞ்சம் உள்ள எடுக்கறோம். அதையும் தாங்குதான்னு பாக்கணும். நாளைக்குக் காலையில ஹரிதா மேடம் சோதிச்சி சரின்னா தொறப்பேன். இல்லன்னா மாட்டேன்."

"என் செடி தலை தொங்கிக்கினு கீது, நீ நாளைக்கின்ற."

"தொங்கின தலை தண்ணி பட்டா நிமிரும். ஒரு வாட்டி நாத்தத் தண்ணி வந்துச்சின்னா ஊரு நிமிராது."

செங்கம்மா அவரை முறைத்தார். பக்கத்தில் நின்ற சாய்குமாரைப் பார்த்தார். "இவன்தான் கழுவினவனா?" சாய்குமார் தலையைக் குனிந்துகொண்டார். "நல்லா கழுவுவ போல. தீபாவளிக்கு எங்க வூட்டு அண்டாவ அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு அவர் புறப்பட்டுப் போனார்.

மறுநாள் காலை சோதனை முடிவு வந்தது. ஹரிதா தாளைக் கையில் கொடுத்து, "தெரவண்டி" என்றார். கல்பனா வால்வைத் திருகித் திறந்துவிட்டு, அடுத்த ஷிப்ட்டிடம் பொறுப்பைக் கொடுத்து, தண்ணீரோடு சேர்ந்தே ஈச்சங்குண்டாவுக்குப் போனார்.

குழாய் முனையில் ஊரே நின்றது. முதலில் காற்று சீறியது. பிறகு குழாயில் தங்கியிருந்த துரு கலந்த கொஞ்சம், பிறகு தண்ணீர். யாரும் வாய்க்காலை வெட்டவில்லை, செங்கம்மாவைப் பார்த்தார்கள். அவர் குனிந்து இரண்டு கையாலும் மொண்டார். முகர்ந்தார். உள்ளங்கையில் இருந்ததை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் அதையே முகத்தில் அடித்துத் துடைத்துக்கொண்டு, மண்வெட்டியை வாங்கித் தன் வயல் மடையை முதலில் வெட்டினார். கிருஷ்ணப்பா இரண்டாவதாக.

மேட்டில் கருகிய மொட்டுகள் கருகியவைதான். தீபாவளிக்கு அந்தப் பகுதி பூக்கவில்லை. பள்ளத்தில் இருந்தவை அன்று சாயங்காலத்துக்குள் நிமிர்ந்தன. பண்டிகைக்கு ஈச்சங்குண்டாவின் சாமந்தி திருப்பதி மார்க்கெட்டுக்குக் கூடை கூடையாகப் போனது. எந்தத் தண்ணீர் என்று ஒரு வியாபாரி கேட்டதற்கு, "வந்து மொண்டு பாரு" என்றாராம் செங்கம்மா. அவர் வரவில்லை, பூவை வாங்கிக்கொண்டார்.

கார்த்திகை முடிந்தபோது ஹரிதாவும் கல்பனாவும் கிராமத்தின் முடிவைக் கேட்கப் போனார்கள். செங்கம்மா அவர்களை உட்காரச் சொல்லவில்லை. நேராகக் கருகிப்போன மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பழைய செடிகளைப் பிடுங்கி, நிலத்தை உழுது போட்டிருந்தார்.

"இங்க கனகாம்பரம் வெக்கப் போறேன். பைப்பை இதுவரைக்கும் இழுத்துக் குடுங்க. எதிர்ல கீற எங்க சின்ன மாமியா கொல்லைக்கும் வேணுமாம். அது நேத்துவரைக்கும் மூக்கைப் புடிச்சிக்கினு இருந்துது."

ஹரிதா கல்பனாவைப் பார்த்தார். கல்பனா மேட்டின் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி இவ்ளோ மேட்டுக்கு ஏறுமா?" என்று கேட்டார் செங்கம்மா.

"ஏத்தலாம். நடுவுல ஒரு சின்ன பம்பு வேணும்" என்று சொல்லிவிட்டு, பம்பு வைக்க இடம் பார்க்கக் கல்பனா வரப்பில் இறங்கி நடந்தார்.